‘யூ’ என்னும் முன்னிலைப் பெயர்: மரியாதைப் பன்மையின் வரலாறு

ஆங்கிலத்தில் மரியாதை இல்லை என்னும் கருத்து தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தந்தையையும் தம்பியையும், நீதிபதியையும் வாயிற்காவலரையும் ‘யூ’ என்னும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி அது என்பதே இக்கருத்துக்கு அடிப்படை. இவ்வாறு கருதுவோருள் ஒரு சாரார் இதனை ஆங்கிலத்தின் குறை என்பர்; மற்றொரு சாரார் இதனையே சமத்துவத்தின் அடையாளமாகப் போற்றுவர். தம்முள் மாறுபடும் இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: ‘யூ’ என்பது தமிழின் ‘நீ’ என்பதற்கு நேரான சொல் என்று இருவருமே கொள்கின்றனர். பள்ளிகளில் ஆங்கிலச் சொற்பொருள் கற்பிக்கும் முறையும் இதற்குத் துணை செய்கிறது.

சொல்லின் வரலாறு இதற்கு நேர்மாறாக உள்ளது. ‘யூ’ பிறப்பால் பன்மை. வளர்ப்பால் மரியாதைப் பன்மை. தமிழில் அதற்கு நேரானது ‘நீங்கள்’ என்பதே. ஆங்கிலம் இழந்தது மரியாதைச் சொல்லை அன்று. ‘நீ’ என்னும் ஒருமைச் சொல்லைத்தான். அவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது, அதனை எதிர்த்து நின்றோர் யாவர், இழந்தபின் அம்மொழி தன் தேவையை எவ்வாறு நிறைவு செய்துகொண்டது என்பவற்றை இக்கட்டுரை தமிழ் மூவிடப்பெயர்களோடு ஒப்பிட்டு ஆராய முற்படுகிறது.

இன்றைய பயன்பாடு

இன்றைய பொது ஆங்கிலத்தில் ‘யூ’ என்னும் வடிவம் ஒருமைக்கும் பன்மைக்கும் உரியது. எழுவாயாகவும் வரும், செயப்படுபொருளாகவும் வரும். ‘ஐ’, ‘மீ’ எனவும் ‘ஹீ’, ‘ஹிம்’ எனவும் பிற பெயர்கள் பல வேற்றுமைக்கேற்ப மாற, இது மாறாது நிற்கிறது. கேட்போரைச் சுட்டாமல் பொதுவாக யாரையும் சுட்டுவதும் உண்டு. ‘இந்த ஊரில் நீ எங்கே போனாலும் தண்ணீர் கிடைக்காது’ என்று தமிழில் சொல்லும்போது ‘நீ’ கேட்பவரைக் குறிப்பதில்லை அல்லவா? அதுபோன்றதே இது. வசைச்சொல்லின் முன் நின்று விளிப்பெயராக வருவதும் உண்டு.

இத்தனை பொருள்களை ஒரு வடிவம் சுமக்கையில் பழைய நிலையின் தடங்கள் இரண்டு அழியாமல் எஞ்சியுள்ளன. ஒன்று வினை. ஒரு குழந்தையை நோக்கிப் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினையே வரும். ‘யூ இஸ்’ என்று வருவதில்லை. மற்றொன்று தற்சுட்டுப் பெயர். ஒருவரைக் குறிக்க ‘யுவர்செல்ஃப்’ என்றும், பலரைக் குறிக்க ‘யுவர்செல்வ்ஸ்’ என்றும் இரு வடிவங்கள் உள்ளன. எண் வேறுபாடு பெயரில் மறைந்து, பெயரின் வாலில் மட்டும் ஒளிந்திருக்கிறது.

பழைய ஆங்கில நிலை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர்கள் ஒழுங்காக அமைந்திருந்தன. ஒருவனை எழுவாயாக்க ‘தூ’, செயப்படுபொருளாக்க ‘தே’; பலரை எழுவாயாக்க ‘யே’, செயப்படுபொருளாக்க ‘ஏஓவ்’. இருவரை மட்டும் சுட்ட ‘யிட்’ என்னும் இருமைப் பெயரும் இருந்தது. அது 13ஆம் நூற்றாண்டோடு வழக்கிழந்தது. மற்ற நான்கும் காலப்போக்கில் முறையே ‘தௌ’, ‘தீ’, ‘யீ’, ‘யூ’ என்றாயின. எனவே இன்றைய ‘யூ’ அன்று எழுவாயாகவே வந்ததில்லை. ‘உங்களை’, ‘உங்களுக்கு’ என்னும் பொருளில் மட்டும் வழங்கிய வேற்றுமை வடிவம் அது.

இங்கே ஒன்றை இடையிட்டுச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பழமை தோன்றும்படி எழுதப்பட்ட கடைப்பெயர்ப் பலகைகளில் காணும் ‘யீ’ என்னும் சொல் இந்த முன்னிலைப் பெயர் அன்று. ‘தி’ என்னும் சுட்டு, ‘தோர்ன்’ என்னும் பழைய எழுத்தால் எழுதப்பட்டது. அவ்வெழுத்தின் வடிவம் ‘ஒய்’ எழுத்தை ஒத்திருந்தமையால் பிற்காலத்தார் பிழைபடப் படித்தனர்.

ஒருவரைப் பலராக்குதல்

பழைய ஆங்கிலத்தில் அரசனும் ‘தூ’, அடிமையும் ‘தூ’. பன்மைப் பெயரால் ஒருவரைச் சுட்டி உயர்த்தும் வழக்கு 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியின் தாக்கத்தால் ஆங்கிலத்துள் புகுந்தது. நார்மானியர் வெற்றிக்குப் பின் (1066) அரசவையிலும் உயர்குடியிலும் பிரெஞ்சு கோலோச்சியது. அம்மொழியில் ‘தூ’, ‘வூ’ என்னும் வேறுபாடு ஏற்கெனவே இருந்தது. பிரெஞ்சுக்கு அது இலத்தீனிலிருந்து வந்தது. உரோமப் பேரரசருக்குப் பன்மையால் பேசும் வழக்கம் பேரரசு இரண்டாகப் பிரிந்து இரு பேரரசர் ஆண்டமையால் தோன்றியது என்று ஒரு விளக்கம் உண்டு. அரசர் தம்மையே ‘நாம்’ என்று சொல்லிக்கொண்டதற்கு எதிரொலி அது என்று மற்றொரு விளக்கம் உண்டு. இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பேரரசு பிரியாத நாடுகளின் மொழிகளிலும், தமிழ் உட்பட, இதே வளர்ச்சி நேர்ந்துள்ளதே இதற்குக் காரணம்.

தமிழில் இவ்வழக்கு மிகப் பழையது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் உயர்சொல்லாக வருவதேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்துள்ளார். எண்ணுக்குரிய வடிவம் மதிப்புக்குரியதாக மாறுவதைக் கண்டு, அதனைப் பேச்சு வழக்கென்று ஏற்று, இலக்கணத்தினின்று பிரித்து நிறுத்திய நுண்மை வியப்புக்குரியது. இதனை ஒத்த சிக்கலை ஐரோப்பிய இலக்கணிகள் எதிர்கொண்டது பல நூற்றாண்டுகள் கழித்தே.

1960-இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரண்டு விசைகள் பெயர்த்தேர்வை ஆள்கின்றன என்பது அவர்தம் கொள்கை. மேலோன் கீழோனை ஒருமையாற் சுட்டிப் பன்மையைப் பெறுவது முதல் விசை. நெருங்கியோர் இருபுறமும் ஒருமையும், நெருங்காதோர் இருபுறமும் பன்மையும் வழங்குவது இரண்டாவது. ஒரே ‘நீ’ இழிவுக்கும் உரியது, அன்புக்கும் உரியது என்னும் தமிழ் அனுபவத்தை இதனால் எளிதில் விளக்கலாம்.

நாடக மேடையும் நீதிமன்றமும்

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘தௌ’, ‘யூ’ இரண்டும் ஒருவரைச் சுட்டுவதில் அருகருகே வழங்கின. ஒரே உரையாடலில் ஒரே நபரை நோக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதன்மூலம் மனநிலையைக் காட்ட இயன்றது. ஷேக்ஸ்பியர் இதனை நன்கு பயன்படுத்தினார். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் தாயின் அறையில் நிகழும் காட்சியைச் சான்றாகக் கொள்ளலாம். தாய் மகனைத் ‘தௌ’ என்று உரிமையோடு கடிந்துகொள்கிறாள். மகன் அதே வாக்கிய அமைப்பைத் திருப்பித் தாயை ‘யூ’ என்கிறான். உடனே தாயும் ‘யூ’ என்னும் சொல்லுக்கு மாறிவிடுகிறாள். மூன்று வரிகளில் ஓர் உறவு குளிர்ந்துவிடுகிறது. ‘லியர் மன்னன்’ நாடகத்தில் இளைய மகளிடம் முதலில் ‘யூ’ என்று பேசும் மன்னன், அவள் மறுமொழி சினமூட்டியதும் ஒருமைக்கு இறங்குகிறான்.

இன்றைய ஆங்கிலேயப் பார்வையாளருக்கு இம்மாற்றங்கள் காதில் விழுவதில்லை. இரண்டும் பழைய சொற்கள் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. தமிழ்ப் பார்வையாளருக்கோ ஆங்கிலேயருக்குக் கிட்டாத ஒரு வாய்ப்பு உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாயை ‘நீ’ என்பதே இயல்பு. அத்தகைய வீட்டு மகன் ஒருநாள் தாயை ‘நீங்கள்’ என்று விளித்தால் அதிலுள்ள விலகலை விளக்க வேண்டியதில்லை. ஹாம்லெட்டின் ‘யூ’ அத்தகையதே. ஆங்கில மூலத்தில் எல்லா ‘யூ’வையும் ‘நீ’ என்று பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் இக்காட்சியின் முள்ளைத் தாமே பிடுங்கி எறிந்துவிடுகிறார்.

மேடைக்கு வெளியிலும் இச்சொல் ஆயுதமாயிற்று. 1603 நவம்பரில் சர் வால்டர் ராலே மீது அரசத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தலைமை வழக்குரைஞரான எட்வர்ட் கோக், குற்றஞ்சாட்டப்பட்ட அப்பெருமகனைத் ‘தௌ’ என்று விளித்ததோடு நிற்கவில்லை. ‘உன்னை நீ என்றே சொல்கிறேன்’ என்னும் பொருள்பட, அப்பெயரையே வினையாக்கி முகத்துக்கு நேரே எறிந்தார். ‘ஒருமையில் பேசினார்’ என்பது இன்றும் தமிழ் நாளிதழ்களில் ஒரு குற்றச்சாட்டு. கோக் செய்தது அதுவே; ஆனால் அவர் அதனை மறைக்கவில்லை, அறிவித்துச் செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்த ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், சண்டைக்கு அழைக்கும் கடிதத்தில் எதிரியை மும்முறை ‘தௌ’ என்று எழுதினால் தவறில்லை என்று ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்துக்கு அறிவுரை கூறுகிறது.

‘யீ’ மறைந்து ‘யூ’ நின்றது

இதற்கிடையே பன்மை வடிவங்களுக்குள்ளேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. எழுவாயாகிய ‘யீ’ ஒழிய, செயப்படுபொருளாகிய ‘யூ’ அதன் இடத்தைப் பிடித்தது. விரைந்த பேச்சில் அழுத்தமின்றி ஒலிக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டன என்பது ஒரு காரணம். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டெர்ட்டு நெவலைனன், ஹெலேனா ரௌமோலின்-புருன்பர்க் ஆகியோர் பழைய ஆங்கிலக் கடிதங்களைத் தொகுத்து ஆய்ந்து 2003-இல் வெளியிட்ட நூலில், இம்மாற்றம் 16ஆம் நூற்றாண்டில் மிக விரைவாக நடந்தேறியதையும், அதில் பெண்களின் கடிதங்களே முன்னணியில் இருந்தமையையும் காட்டினர். இலக்கண நூல்கள் எவையும் இதற்கு வழிகாட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த மகளிர் தம் வீட்டாருக்கு எழுதிய மடல்களில் மொழி மாறிவிட்டது.

ஃபாக்ஸின் அரிச்சுவடி

‘தௌ’ என்பதைக் காக்க ஆங்கில வரலாற்றில் ஒரே ஓர் அமைப்புத்தான் போராடியது. அது இலக்கணிகளின் அமைப்பு அன்று, சமய இயக்கம். ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) தோற்றுவித்த நண்பர் கழகத்தார், பிறரால் குவேக்கர் என்று அழைக்கப்பட்டோர், எவரையும் பன்மையாற் சுட்ட மறுத்தனர். ஒருவரைப் பலராகச் சொல்வது பொய். அப்பொய்யை எதிர்பார்ப்பது செருக்கு. இறைவனையே ஒருமையால் அழைக்கையில் மனிதருக்குப் பன்மை எதற்கு என்பது அவர்தம் வாதம். தொப்பியைக் கழற்றி வணங்க மறுத்ததும் இதே கொள்கையால்தான்.

1660-இல் ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி ஆகிய மூவரும் இதற்கென்றே ஒரு நூலை வெளியிட்டனர். ஒருமையையும் பன்மையையும் கற்பதற்கு ஆசிரியர்களுக்கான ஓர் அரிச்சுவடி என்று பொருள்படும் தலைப்புடையது அது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலாகப் பல மொழிகளில் ஒருமை வேறு, பன்மை வேறு என்பதை எடுத்துக்காட்டுகளால் நிறுவும் நூல் அது. அதன் பக்கங்கள் பலவற்றில் குழந்தைகளின் எழுத்துப் பலகையின் உருவம் அச்சிடப்பட்டுள்ளது. கற்றறிந்தோரைப் பாலர் வகுப்பில் அமர்த்தும் கேலி அதில் தெளிவாகத் தெரிகிறது. சமயப் போருக்கு ஒப்பியல் இலக்கணத்தைப் படைக்கலமாக்கிய நூல்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

விளைவு கடுமையாக இருந்தது. ‘நீ யாரை நீ என்கிறாய்’ என்னும் சினம் தெருவிலும் நீதிமன்றத்திலும் அவர்களை எதிர்கொண்டது. அடியும் சிறையும் பெற்றனர். கவிஞர் மில்ட்டனின் நண்பரான தாமஸ் எல்வுட் (1639–1713) தம் வாழ்க்கை வரலாற்றில், தந்தையின் முன் தொப்பி கழற்றாமல் நின்றமைக்கும் அவரை ஒருமையால் விளித்தமைக்கும் பெற்ற அடிகளைப் பதிவு செய்துள்ளார். அந்தத் தந்தையைக் கொடியவர் என்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. மகன் சமத்துவம் பேசுகிறான் என்று அவர் காதில் விழவில்லை, அவமதிப்பாகவே விழுந்தது. ஒரு வடிவத்தின் பொருளைப் பேசுவோர் மட்டும் முடிவு செய்ய இயலாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது.

குவேக்கர் வழக்கின் பிற்கால நிலை விந்தையானது. எழுவாய் வடிவமாகிய ‘தௌ’ அவர்களிடமே தேய்ந்து, ‘தீ’ என்னும் செயப்படுபொருள் வடிவம் எழுவாயாயிற்று. அதுவும் ‘தீ இஸ்’ என்று படர்க்கை வினையோடு. ‘யீ’, ‘யூ’ கதையே இங்கும் மீண்டது. எல்லாருக்கும் உரியதென்று தொடங்கிய சொல், அமெரிக்கக் குவேக்கர் இல்லங்களில் தமக்குள் மட்டும் வழங்கும் நெருக்கச் சொல்லாக 20ஆம் நூற்றாண்டில் முடிந்தது.

‘நீ’ ஏன் மறைந்தது

குவேக்கர் இழிவுபட்டமையால் அவர் பயன்படுத்திய ‘தௌ’ என்பதையும் மக்கள் கைவிட்டனர் என்பார் உண்டு. காலம் இதற்கு இடந்தரவில்லை. ஃபாக்ஸ் இயக்கம் எழுவதற்கு முன்னரே இலண்டன் நகரின் மேல், நடுத்தர வகுப்பார் பேச்சில் ‘தௌ’ அருகிவிட்டது. எதிரே நிற்பவரின் தகுதி உறுதியாகத் தெரியாத பெருநகரச் சூழலில் காரணத்தைத் தேடுவது பொருந்தும். கீழோனை ‘யூ’ என்றால் இழப்பு சிறிது; மேலோனைத் ‘தௌ’ என்றால் இழப்பு பெரிது. ஆகவே ஐயமுள்ள இடமெல்லாம் ‘யூ’ வந்தது. ‘யூ’ பரவப் பரவ அதன் மதிப்பு குறைந்தது. எஞ்சிய ‘தௌ’ ஒவ்வொன்றும் முன்னினும் கூர்மையாயிற்று. கூர்மை மிகுந்த சொல்லை யார் துணிந்து எடுப்பர்? ஆனால் பாரீசு நகரிலும் அறிமுகமற்றோர் திரள் இருந்தது. பிரெஞ்சு தன் ‘தூ’வை இழக்கவில்லை. ‘தௌ’ கேட்கும் தனி வினைவிகுதி ஆங்கிலத்தில் இருந்ததும், மற்ற விகுதிகள் உதிர்ந்த காலத்தில் அது சுமையாகப்பட்டதும் நகரச் சூழலோடு சேர்த்து எண்ணத்தக்கன.

நாட்டுப்புறம் நகரைப் பின்பற்றவில்லை. 1950 முதல் 1961 வரை ஹெரால்டு ஆர்ட்டன் தலைமையில் 313 ஊர்களில் நடந்த ஆங்கிலக் கிளைமொழி அளவீடு, வட இங்கிலாந்திலும் தென்மேற்கிலும் ஒருமைப் பெயர் உயிரோடிருந்தமையைக் காட்டியது. யார்க்‌ஷயரில் ‘தா’ என்னும் வடிவம் நெருங்கியோரிடை இன்னும் முற்றும் மறையவில்லை.

‘யூ’ ஒருவரையே சுட்டுவதாக நிலைபெற்றதும், அதற்கு ஒருமை வினை சேர்க்கும் முயற்சியும் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஒருவரைச் சுட்டும்போது ‘யூ வாஸ்’ என்றும், பலரைச் சுட்டும்போது ‘யூ வேர்’ என்றும் கற்றோரும் எழுதினர். எண் வேறுபாட்டை வினையில் மீட்கும் அருமையான முயற்சி அது. ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட இலக்கணத்தில் இதனைப் பெரும்பிழை என்று கண்டித்தார். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் ஆதரித்தும் பயனில்லை. பள்ளி இலக்கணத்தின் கையில் அவ்வடிவம் கல்லாதார் வழக்கென்று முத்திரை பெற்றது. லௌத் தடுத்தது பிழையை அன்று, ஒரு தீர்வை என்றே கருதத் தோன்றுகிறது.

இறைவனை விளித்தல்

வில்லியம் டிண்டேல் 1526-இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, மூலமொழியின் ஒருமைக்குத் ‘தௌ’, பன்மைக்கு ‘யீ’, ‘யூ’ என்று எண் நோக்கிலேயே பெயர்த்தார். 1611-இன் அரசாணைப் பெயர்ப்பும் இம்மரபைப் பின்பற்றியது. அதில் கடவுளும் ‘தௌ’, கள்வனும் ‘தௌ’. மதிப்பு வேறுபாடு சிறிதும் இல்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் ‘தௌ’ மறைந்து, கோவிலில் மட்டும் ஒலித்தமையால், பிற்காலத்தார் அதனை மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று உணரத் தொடங்கினர். இழிவுப் பெயர் தெய்வப் பெயராயிற்று. 1952-இல் முழுமை பெற்ற அமெரிக்கத் திருத்தப் பதிப்பு மனிதரை ‘யூ’ என்றும் இறைவனை மட்டும் ‘தௌ’ என்றும் சுட்டியது. மூலத்தில் இல்லாத வேறுபாடு இது. மண்ணுலகில் வாழ்ந்த இயேசுவை அப்பதிப்பு ‘யூ’ என்றமையால் அவர்தம் தெய்வத்தன்மையை மறுக்கிறதோ என்ற பூசலும் எழுந்தது. 1989-இன் புதிய பதிப்பில் ‘தௌ’ முற்றிலும் நீக்கப்பட்டது. பிரெஞ்சில் இதற்கு எதிர்த்திசையில் மாற்றம் நடந்தது: 1966-இல் ஏற்கப்பட்ட பொது வடிவத்தில் இயேசு கற்பித்த இறைவேண்டல் ‘வூ’ என்பதிலிருந்து ‘தூ’ என்பதற்கு மாறியது.

தமிழ் விவிலியத்தின் நெறி இவ்விரண்டினும் வேறு. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதன்பின் வந்த பெயர்ப்புகளில் நிலைத்த மரபில் இறைவனுக்கு ‘நீர்’ என்பதே உரியது. சைவ, வைணவ அடியார் பாடல்களோ இறைவனைப் பெரும்பாலும் ‘நீ’ என்கின்றன. ஒரே மொழி, இரு பக்தி மரபுகள். மரபாக வழங்கும் தமிழ் விவிலியத்தில் பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் காட்சி கவனிக்கத்தக்கது. கிரேக்க மூலத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒரே ஒருமைப் பெயரால் சுட்டுகின்றனர். 1611-இன் ஆங்கிலத்திலும் அவ்வாறே. தமிழில் ஆளுநன் ‘நீ’ என்று கேட்கிறான். இயேசு ‘நீர்’ என்று விடையளிக்கிறார். கேட்டவனுக்கு ‘ஆன்’ விகுதி, விடையளித்தவருக்கு ‘ஆர்’ விகுதி. பாத்திரங்களின் பேச்சில் ஆளுநன் உயர்ந்து நிற்க, கதைசொல்லியின் வினைமுற்றில் கைதி உயர்ந்து நிற்கிறார். மூலத்தில் இல்லாத இந்த முரணைத் தமிழ் இலக்கணமே படைத்துத் தந்திருக்கிறது.

புதிய பன்மைகள்

மரியாதைப் பன்மை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயல்புடையது. எல்லாரையும் பன்மையாற் சுட்டினால் உண்மையான பன்மைக்குச் சொல் இல்லாது போகிறது; மொழி புதிய பன்மையை ஆக்குகிறது. ஆங்கிலக் கிளைமொழிகளில் இது பலவாறு நிகழ்ந்துள்ளது. அயர்லாந்து, கிளாஸ்கோ, லிவர்பூல், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் ‘யூஸ்’. அமெரிக்கத் தென்பகுதியில் ‘யூ ஆல்’ சுருங்கிய ‘யால்’. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ‘யின்ஸ்’. பரவலாக ‘யூ கய்ஸ்’. கடைசியில் உள்ள ‘கய்’ 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க முயன்றோருள் ஒருவனான கய் ஃபாக்ஸின் பெயர். அவன் உருவப்பொம்மைக்கும், பின் கோமாளித் தோற்றமுடையவனுக்கும், பின் எந்த ஆடவனுக்கும், இறுதியில் ஆண்பெண் இருபாலார் கூட்டத்துக்கும் அது பெயராயிற்று.

தமிழ் இதே வழியில் ஒருமுறை அன்று, பலமுறை நடந்துள்ளது. தொல்காப்பியர் கூறும் முன்னிலைப் பெயர்கள் ‘நீ’, ‘நீயிர்’. நன்னூலார் ‘நீவிர்’, ‘நீர்’ என்பவற்றோடு ‘எல்லீர்’ என்பதையும் சேர்க்கிறார். ‘யூ ஆல்’ என்பதன் உருவமும் பொருளும் அப்படியே அமைந்த சொல் அது. ‘நீர்’ ஒருவருக்குரிய மரியாதைச் சொல்லானபின், பன்மைமேல் ‘கள்’ ஏறிய ‘நீங்கள்’ பலரைச் சுட்டியது. பின்னர் அதுவும் ஒருவருக்கு வழங்கலாயிற்று. படர்க்கையில் ‘அவர்’, ‘அவர்கள்’ நடந்த வழியும் இதுவே. இன்று ஒருவருக்கும் பலருக்கும் ‘நீங்கள்’ பொதுவாகிவிட்டமையால், எண்ணைத் தெளிவாக்கப் பேச்சில் ‘நீங்கள் எல்லாம்’ என்கிறோம். நன்னூலார் கால ‘எல்லீர்’ வேறு உருவில் மீண்டிருக்கிறது. ஆனால் தமிழ் ஒன்றை மட்டும் ஆங்கிலம்போற் செய்யவில்லை; அடித்தட்டாகிய ‘நீ’ அசையவில்லை. தாயும் தோழனும் தெய்வமும் அதில் குடியிருப்பது இதற்குக் காரணமாகலாம். யாழ்ப்பாணத் தமிழில் இடைத்தட்டாகிய ‘நீர்’ இன்றும் பேச்சில் இயல்பாக வழங்குகிறது.

ஏற்றுதலும் இறக்குதலும்

ஒருவருக்கொருவர் நிகராகப் பேச ஒரு மொழிச் சமூகம் விரும்பினால் இரு வழிகள் உண்டு. எல்லாரையும் ஒருமைக்கு இறக்கலாம். எல்லாரையும் பன்மைக்கு ஏற்றலாம். குவேக்கர் முதல் வழியை நாடினர். 1793-இல் பிரெஞ்சுப் புரட்சியாளரும் குடிமக்கள் யாவரும் ‘தூ’ என்றே பேச வேண்டுமென்றனர். புரட்சியின் வேகம் தணிந்ததும் ‘வூ’ திரும்பியது. சுவீடன் வெற்றி பெற்றது. 1967-இல் அந்நாட்டு மருத்துவத்துறைத் தலைவர் புரோர் ரெக்செட் தம் அலுவலர் அனைவரையும் ‘டு’ என்று ஒருமையில் விளிக்கப்போவதாக அறிவித்தது அம்மாற்றத்தின் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. அங்கே அதுவரை பட்டப்பெயரால் படர்க்கையில் பேசும் இடர்மிக்க முறை நிலவியது. நிலைபெற்ற மரியாதைப் பெயர் இல்லாமையே மாற்றத்தை எளிதாக்கியது. இங்கிலாந்து ஏற்றும் வழியில் சென்றது, எவரும் திட்டமிடாமலே. அதனால் ஆங்கிலேயச் சமூகம் நிகராகிவிடவில்லை. பெயர் விட்ட வேலையை ‘சர்’, ‘மேடம்’, குடும்பப்பெயர், முதற்பெயர் ஆகியன எடுத்துக்கொண்டன.

தமிழகத்தில் இது ஏட்டளவான வினா அன்று. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் ‘நீ’ என்பதும், முதியவர் அச்சிறுவனைப் பன்மையால் விளிப்பதும் ஊர்தோறும் நிலவிய வழக்கு; அதன் எச்சங்கள் இன்றும் அற்றுப்போகவில்லை. இதனை எதிர்த்தோர் கேட்டது குவேக்கரின் ‘நீ’யை அன்று. தமக்கும் ‘நீங்கள்’ வேண்டும் என்றே கேட்டனர். பெரியார் சிறுவரையும் ‘வாங்க’, ‘போங்க’ என்றே அழைத்தார் என்று அவரோடு பழகியோர் பலர் எழுதியுள்ளனர். ஏற்கெனவே இறக்கி வைக்கப்பட்டவருக்கு இறக்கும் சமத்துவத்தால் கிடைக்கக்கூடியது ஒன்றுமில்லை.

இருமொழியாளரிடம் ‘யூ’ பெறும் பயனையும் இவ்விடத்திலேயே நோக்க வேண்டும். வயது, சாதி, பதவி ஆகியவற்றுள் எதனை அளவாகக் கொள்வது என்று துணியமுடியாத இடத்தில் கற்ற இந்தியர் ஆங்கிலத்துக்குத் தாவுவது அலுவலகங்களில் அன்றாடக் காட்சி. இந்தி பேசுவோருக்கு ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று. வங்காளியருக்கு ‘துய்’, ‘துமி’, ‘ஆப்னி’ என மூன்று. தமிழில் பெயரைத் தவிர்த்தாலும் தப்ப முடியாது. ‘வந்தாய்’, ‘வந்தீர்’, ‘வந்தீர்கள்’ என்று வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ‘யூ’ என்னும் ஒரு சொல்லைக் கடன் வாங்கித் தமிழ் வாக்கியத்தில் இட்டால் போதாது. வினையையும் சேர்த்து வாக்கியம் முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு சொல்லி முடிக்கும் இந்தியர், எதற்கும் இருக்கட்டும் என்று வாக்கியத்தின் இறுதியில் ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்கிறார்.